வளவு வாசலில் ஓர் ஆச்சி: வீட்டுக் கணினிக்கு ஃபயர்வால் என்ன செய்கிறது?

திருநெல்வேலி டவுனில் என் ஆச்சி குடியிருந்த வளவில் ஏழு வீடுகள். தெருவிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு கதவுதான் தெரியும், அதற்கு ஒரே ஒரு கதவு எண். உள்ளே நுழைந்தால் நீளமான முடுக்கு, இரண்டு பக்கமும் வீடுகள், கோடியில் பொதுக் கிணறு. தபால்காரர், பால்காரர், மாவு விற்பவர் எல்லோரும் அந்த ஒற்றை வாசல் வழியாகத்தான் வர வேண்டும். ஆச்சி பகல் முழுவதும் வாசல் திண்ணையில் இருப்பார். முகம் தெரியாத ஒருவர் நடையில் கால் வைத்தால், "யாரைப் பார்க்க வேண்டும்? யார் வரச் சொன்னது?" என்று கேட்பார். மூன்றாம் வீட்டு அத்தை காலையில் கடைக்குப் போகிற போக்கில், "தையல் மிஷினைப் பார்க்க ஆள் வருவார் ஆச்சி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால், அந்த ஆளுக்கு வழி உண்டு. யாரும் வரச் சொல்லாமல் வந்தவர் எவ்வளவு சலவைச் சட்டை போட்டிருந்தாலும் திண்ணையோடு திரும்ப வேண்டியதுதான்.

வீட்டுக் கணினியில் இருக்கும் ஃபயர்வால் செய்வது இந்த வேலையைத்தான். உள்ளே இருப்பவர் கேட்டு வருகிறதா, கேட்காமல் வருகிறதா என்று பார்ப்பது. கேட்டது இன்னது என்பதை நினைவில் வைத்திருப்பது. இவ்வளவு எளிய காவலை ஏன் பலரும் அணைத்து வைத்திருக்கிறார்கள் என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன். பாளையங்கோட்டையிலும் பெருமாள்புரத்திலும் உறவினர் வீட்டுக் கணினிகளைப் பார்க்க உட்காரும்போது, ஃபயர்வால் இல்லாத கணினி ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. அணைத்து வைக்கப்பட்ட ஃபயர்வாலை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

முதலில் அடிப்படை. இணையத்தில் எதுவும் முழுசாகப் பயணம் செய்வதில்லை. ஒரு படமோ கடிதமோ சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புகிற கணினியின் முகவரி, போய்ச் சேர வேண்டிய கணினியின் முகவரி, அவற்றோடு போர்ட் என்கிற ஓர் எண் ஆகியவை இருக்கும். முகவரி வளவின் கதவு எண் என்றால், போர்ட் என்பது உள்ளே எந்த வீடு என்று சொல்லும் எண். 0 முதல் 65,535 வரை இந்த எண்கள் உண்டு. பாதுகாப்பான வலைத்தளங்கள் 443-இல் பதில் சொல்கின்றன. விண்டோஸில் கோப்புகளைப் பகிர்வது 445. தொலைவிலிருந்து கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் 3389. இந்த எண்களைப் பாடமாக வைத்துக்கொள்ளத் தேவையில்லை. 445-ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

அறுபத்தைந்தாயிரம் கதவுகள் என்றதும் பயப்பட வேண்டாம். கதவுக்குப் பின்னால் ஆள் இருந்தால்தான் தட்டுகிறவனுக்குப் பதில் கிடைக்கும். கணினியில் ஓடும் ஏதோ ஒரு சேவை ஒரு போர்ட்டில் காது கொடுத்துக் காத்திருந்தால் மட்டுமே அது ஆள் இருக்கிற கதவு. அந்தச் சேவையை எழுதியவர் எங்கேனும் பிழை விட்டிருந்தால், தட்டும் விதத்தில் தட்டி உள்ளே நுழைந்துவிட முடியும். நீங்கள் எதையும் திறக்க வேண்டியதில்லை, எதையும் சொடுக்க வேண்டியதில்லை. கணினி ஓடிக்கொண்டிருந்தாலே போதும். தட்டும் சத்தமே உள்ளே கேட்காதபடி வெளியில் நிறுத்துவதுதான் ஃபயர்வாலின் வேலை.

பெயர் கட்டடத் தொழிலிலிருந்து வந்தது. கல்லிடைக்குறிச்சி அக்ரகாரத்தைப் போல வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் தெருவில் ஒரு வீட்டில் பிடித்த தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் தடுக்கும் கனத்த சுவருக்கு மேல்நாட்டில் அந்தப் பெயர். தமிழில் தீச்சுவர், தீயரண் என்றெல்லாம் சொல்லிப் பார்க்கிறார்கள். எனக்குத் தீயரண் பிடிக்கிறது. ஆனால் கணினித் திரையிலும் கடையிலும் ஃபயர்வால் என்றே இருப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

இணையத்துக்கு இப்படி ஒரு சுவர் வேண்டும் என்று உலகம் உணர ஒரு தீ விபத்தே தேவைப்பட்டது. 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மோரிஸ் என்ற அமெரிக்க மாணவர் எழுதி அனுப்பிய ஒரு நிரல் கணினியிலிருந்து கணினிக்குத் தானே பரவியது. அன்றைய இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் 6,000 வரை முடங்கியதாகக் கணித்தார்கள். ஒருவரை ஒருவர் நம்பி எல்லாக் கதவையும் திறந்து வைத்திருந்த காலம் அதோடு முடிந்தது. தொடக்கத்தில் வந்த காவல், பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கும் முகவரியையும் போர்ட்டையும் மட்டும் பார்த்து விடுவதா தடுப்பதா என்று முடிவு செய்தது. முந்தைய பொட்டலம் எது என்பது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் புதிதாக வேலைக்கு வந்த காவல்காரர் போல அது. உள்ளிருந்து போன கேள்வியை நினைவில் வைத்து, அதற்கான பதிலை மட்டும் உள்ளே விடும் ஃபயர்வால் 1990-களின் நடுவில்தான் விற்பனைக்கு வந்து பரவியது. ஆச்சியின் நினைவாற்றல் அப்போதுதான் இயந்திரத்துக்குக் கிடைத்தது என்று சொல்வேன்.

அது பெரிய நிறுவனங்களின் வாசலில் நின்றது. வீட்டுக்கு வரத் தாமதமாயிற்று. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு ஃபயர்வால் இருந்தது, ஆனால் வழக்கமாக அணைந்தே இருக்கும். 2003 ஜூலை 16 அன்று எக்ஸ்பியின் ஒரு பிழைக்குத் திருத்தம் வெளியானது. பலரும் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. ஆகஸ்ட் 11 அன்று பிளாஸ்டர் என்ற புழு, அதாவது மோரிஸின் நிரலைப் போலத் தானே பரவும் நிரல், 135-ஆம் போர்ட் வழியாகப் பரவத் தொடங்கியது. பாளையங்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் அந்த நாட்களில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. மின்னஞ்சல் பாதி எழுதியிருப்பேன். திரையில் ஒரு சிறிய பெட்டி தோன்றி, அறுபது நொடியில் கணினி அணையும் என்று எண்ணத் தொடங்கும். மறுபடி போட்டாலும் அதே பெட்டி. கடைக்காரர் மின்சாரக் கோளாறு என்று நினைத்து ஸ்டெபிலைசரை மாற்றிக்கொண்டிருந்தார். தொலைபேசிக் கம்பி வழியே யாரோ தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எங்களில் எவருக்கும் தெரியாது.

மறு ஆண்டு சாசர் என்ற புழு வந்தது. அது நுழைந்த கதவு 445. காப்பில்லாத ஒரு விண்டோஸ் கணினியை இணையத்தில் இணைத்தால், சராசரியாக 20 நிமிடத்துக்குள் ஏதேனும் ஒன்று அதைத் தேடி வந்து தட்டிவிடும் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் அப்போது கணக்கிட்டார்கள். திருத்தங்களைப் பதிவிறக்கவே அதைவிட நேரமாகும். 2004 ஆகஸ்டில் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் என்ற திருத்தத் தொகுப்பு வெளியானபோது ஃபயர்வாலை இயல்பாகவே இயங்கும்படி அமைத்தார்கள். வீட்டுக் கணினி வரலாற்றில் இதைவிடப் பெரிய பாதுகாப்பு முடிவு வேறு இல்லை என்பது என் கருத்து. ஆனாலும் 2008-இல் கான்ஃபிக்கர் வந்தது, அதே 445. 2017 மே 12 அன்று வான்னாக்ரை வந்தது, மீண்டும் அதே 445. சுமார் 150 நாடுகளில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட அந்த வான்னாக்ரைக்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச் மாதத்திலேயே வந்திருந்தது. பதின்மூன்று ஆண்டுகள், ஒரே கதவு.

"மேலப்பாளையத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிற என் கணினியை எவன் தேடி வரப்போகிறான்?" இந்தக் கேள்வி என் காதில் விழாத நாளில்லை. யாரும் உங்களைத் தேடுவதில்லை, எல்லோரையும் தட்டுகிறார்கள். இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய ஒரு கருவி, நல்ல வேக இணைப்புள்ள ஒரே ஒரு கணினியிலிருந்து, அத்தனை முகவரிகளிலும் ஒரு குறிப்பிட்ட கதவைத் தட்டிப் பார்க்க 45 நிமிடத்துக்கும் குறைவாகவே எடுத்துக்கொண்டது. ஆய்வுக்கு எழுதப்பட்ட அத்தகைய கருவிகள் திருடனுக்கும் கிடைக்கின்றன. அவனுக்கு மேலப்பாளையமும் மிச்சிகனும் ஒன்றுதான்.

இனி வளவுக்குத் திரும்புவோம். உங்கள் வீட்டில் ஒரு ஃபைபர் இணைப்பு, ஒரு ரவுட்டர். அதில் ஒரு கணினி, நான்கு கைபேசி, ஒரு டிவி. இணைய நிறுவனம் உங்களுக்குக் கொடுப்பது ஒரே ஓர் ஐபிவி4 முகவரி. அதுவே தெருக் கதவு எண். இம்முறை ஒவ்வொரு கருவியையும் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் கருவிகளுக்கு ரவுட்டர் தானாகவே 192.168 என்று தொடங்கும் உள் எண்களைக் கொடுக்கிறது. அந்த எண்கள் வளவுக்குள் மட்டுமே செல்லும். வெளியிலிருந்து வரும் பொட்டலம் தெருக்கதவு வரைதான் வர முடியும். யாருக்கு என்று ரவுட்டரின் குறிப்பில் இல்லையென்றால் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். முகவரிப் பஞ்சத்தைச் சமாளிக்க 1990-களில் கண்டுபிடித்த ஏற்பாடு இது. காவலுக்காகச் செய்ததல்ல, ஆனாலும் தற்செயலாகக் காவலாகிவிட்டது. பல நிறுவனங்கள் இப்போது நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சேர்த்தே ஒரு முகவரி கொடுப்பதால், வளவுக்கு வெளியே இன்னொரு பெரிய வளவு என்று ஆகியிருக்கிறது.

இந்தத் தற்செயல் காவலை நம்பியே இருந்துவிடலாமா? கூடாது. அதற்கு வலுவான காரணம் ஐபிவி6. முகவரிப் பஞ்சம் தீர்ந்த புதிய முறை இது. இந்தியாவில் இணையம் பயன்படுத்துவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது; உலகிலேயே இதில் முன்னால் நிற்கும் நாடுகளில் நாமும் ஒன்று. ஐபிவி6-இல் ஒவ்வொரு கருவிக்கும் உலகம் முழுவதும் செல்லும் தனி முகவரி கிடைக்கிறது. வளவை இடித்து ஏழு வீடுகளுக்கும் தெருவைப் பார்க்கத் தனித்தனி வாசல் வைத்தது போல. இங்கே காவல் இருக்க வேண்டுமென்றால் ரவுட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் இயங்க வேண்டும். ரவுட்டருக்கு ரவுட்டர் இது மாறுகிறது. ஆகவே அமைப்புப் பக்கத்தைத் திறந்து அது இயங்குகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ரவுட்டரில் இருந்தால் கணினியிலும் ஏன் வேண்டும் என்று கேட்பார்கள். வளவு வாசலில் ஆச்சி இருக்கிறார் என்பதற்காக எங்கள் வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டா தூங்கினோம்? விடுதியிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளையின் லேப்டாப், விருந்தாளியின் கைபேசி எல்லாம் வாசலைக் கடந்து உள்ளே வந்துவிட்டவை. அவற்றில் ஒன்று நோயோடு வந்தால் பக்கத்துக் கணினியை உள்ளிருந்தே தட்டும். வான்னாக்ரை அலுவலகம் அலுவலகமாக விழுங்கியது அப்படித்தான்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நம் வீடுகளில் சுவர் இருக்கிறது. அதில் ஓட்டை போட்டுக் கொடுப்பது நாமும், நாம் கூப்பிட்டு வந்த ஆட்களும்.

டவுனில் கணக்கு எழுதிக் கொடுக்கும் அண்ணாச்சி ஒருவர். வீட்டின் தார்சாவிலேயே அலுவலகம், மூன்று கணினிகள். ஒன்றில் இருக்கும் கணக்கு மென்பொருளையும் பிரிண்டரையும் மற்ற இரண்டும் பயன்படுத்த வேண்டும். இணைப்பு கிடைக்கவில்லை. பழுது பார்க்க வந்த பையன் பத்து நிமிடம் முயன்றுவிட்டு, "அண்ணாச்சி, ஃபயர்வாலை அணைத்துவிட்டேன், இனிமேல் ஓடும்" என்றான். ஓடியது. 2020 ஊரடங்கில் அண்ணாச்சி மகளின் வீட்டிலிருந்து வேலை பார்க்க வேண்டியிருந்தது. மாதம் கூடுதல் கட்டணம் கட்டி நிலையான ஐபி முகவரி வாங்கி, ரவுட்டரில் 3389-ஐத் திறந்து, ரிமோட் டெஸ்க்டாப் வைத்துக் கொடுத்தார்கள். பாஸ்வேர்டு, கடைப் பெயரும் 123-உம். ஒரு மாதம் பதினெட்டாம் தேதி காலையில் கணினியைத் திறந்தால் எல்லாக் கோப்புகளின் பெயரும் மாறியிருந்தன. பிட்காயினில் பணம் கேட்டு ஒரு கடிதம். ஜிஎஸ்டி கணக்கு இருபதாம் தேதிக்குள் போக வேண்டும். தனியாக எடுத்து வைத்திருந்த நகல் மூன்று மாதம் பழையது. மீதியை வாடிக்கையாளர்களிடம் காகித பில்களைக் கேட்டு வாங்கி, இரவும் பகலும் மறுபடி ஏற்றினார். அறுபது வயதில் அவர் பட்ட அந்தப் பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

பிரிண்டருக்காக ஃபயர்வாலை அணைக்க வேண்டிய தேவையே இல்லை. விண்டோஸ் ஒவ்வொரு இணைப்பையும் பிரைவேட் அல்லது பப்ளிக் என்று வகைப்படுத்தும். வீட்டு வைஃபையைப் பிரைவேட் என்று அமைத்து, கோப்பு மற்றும் பிரிண்டர் பகிர்வுக்கு அந்த வகையில் மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். கணக்கு மென்பொருள் கேட்கும் போர்ட் எண் அதன் உதவிக் குறிப்பிலேயே இருக்கும். அதற்கு மட்டும் ஒரு விதி எழுதலாம். பத்து நிமிட வேலை அரை மணி நேரமாகும், அவ்வளவுதான். அரை மணி நேரத்துக்கான கூலியைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். லேப்டாப்பை ஜங்ஷன் ரயில் நிலையத்திலோ விடுதி அறையிலோ வைஃபையில் இணைத்தால் பப்ளிக் என்று தேர்ந்தெடுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்கு நேராகத் திறக்கவே கூடாது. 3389-க்குப் பதில் வேறு எண்ணை வைத்தால் தப்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எல்லா எண்ணையும் தட்டிப் பார்க்கிறவனுக்கு அது ஒரு தடையே அல்ல. விபிஎன் என்ற பூட்டிய தனிப் பாதை வழியாக மட்டும் வரும்படி அமைப்பதே முறை.

அடுத்த ஓட்டை சிசிடிவி. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவை அங்கிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வாசலிலும் புறவாசலிலும் கேமரா வைக்கிறார்கள். அந்த அக்கறையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படத்தை வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்து, படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியோடு வந்த பாஸ்வேர்டையே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். 2016-இல் மிராய் என்ற நிரல் செய்தது என்ன தெரியுமா? இப்படிப்பட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் தேடி, தொழிற்சாலையில் வைத்த சுமார் 60 பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளைப் போட்டுப் பார்த்து, லட்சக்கணக்கானவற்றைப் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படை ஒரே நேரத்தில் தாக்கியதில் அமெரிக்காவின் பெரிய வலைத்தளங்கள் பல மணி நேரம் திணறின. கேமராவின் சொந்தக்காரர்களுக்கு எதுவும் தெரியாது. இணையம் கொஞ்சம் மெதுவாக இருக்கிறதே என்று மட்டும் நினைத்திருப்பார்கள். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் கரைக்குள் நண்டு வளை இருப்பதும் தண்ணீர் கசியும்வரை யாருக்கும் தெரிவதில்லை.

பாஸ்வேர்டை மாற்றி, போர்ட்டை மூடி, தயாரிப்பாளரின் செயலி வழியாகப் பாருங்கள். கேமராவே வெளியே போய் இணைவதால் சுவரில் ஓட்டை தேவையில்லை. உங்கள் வீட்டுப் படம் அந்த நிறுவனத்தின் கையில் போகிறது என்ற குறை இதில் உண்டு. அதனால் கேமராவை வாசலோடு நிறுத்துங்கள், பட்டகசாலைக்குள், அதாவது வீட்டுக் கூடத்துக்குள், கொண்டுவராதீர்கள். ரவுட்டரில் விருந்தினர் வைஃபை இருந்தால் கேமராவையும் டிவியையும் அதில் போட்டுவிடலாம். யுபிஎன்பி என்று ஒரு வசதி இருக்கும். உள்ளே இருக்கும் எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமலேயே சுவரில் கதவு திறந்துகொள்ள அது அனுமதிக்கிறது. அதை அணைத்து வையுங்கள்.

ஆச்சியால் முடியாதது ஒன்று உண்டு. உள்ளே இருப்பவரே கூப்பிட்டு அழைத்து வந்தவரை அவர் தடுக்க மாட்டார். விண்டோஸ் ஃபயர்வால் இயல்பாக உள்ளே வருவதைத்தான் தடுக்கும். வெளியே போவதை விட்டுவிடும். "இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று வந்த குறுஞ்செய்தியை நம்பி, மறுமுனையில் பேசுகிறவர் சொல்வதைக் கேட்டு தொலைவிலிருந்து நம் கருவியை இயக்க விடும் எனிடெஸ்க் போன்ற செயலியை நாமே நிறுவினால், இணைப்பு உள்ளிருந்து தொடங்கியதாகவே ஃபயர்வால் பார்க்கும், வழிவிடும். இத்தகைய மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் அழைத்தால் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். பழைய நிரல்களின் பிழைகளையும் ஃபயர்வால் திருத்தாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதில் இருப்பவர்கள் மாறுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

இன்று மாலை செய்ய வேண்டியது சிறிதுதான். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து ஃபயர்வால் பக்கத்தில் பிரைவேட், பப்ளிக், அலுவலகங்களுக்கான டொமைன் என்ற மூன்று வகை இணைப்புக்கும் பச்சைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பிள் மேக்கில் பல ஆண்டுகளாக ஃபயர்வால் அணைந்தே வந்திருக்கிறது, லினக்ஸ் வகையான உபுண்டுவிலும் அப்படியே. இரண்டிலும் நாமே இயக்க வேண்டும். அனுமதிப் பட்டியலில் பெயர் தெரியாத செயலி இருந்தால் குறியை எடுத்துவிடுங்கள். ஏதேனும் ஒன்று ஓடாமல் போனால் அப்போது மறுபடி அனுமதி கொடுத்துக்கொள்ளலாம். ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றி, ஒரு தாளில் எழுதி அலமாரிக்குள் வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் நம் பக்கத்தில் ரவுட்டர் எரிவது வழக்கம். நிறுவனத்திலிருந்து ஆள் வந்து புதியதை மாட்டிவிட்டு, கைபேசியில் வைஃபை வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார். புதிய பெட்டியில் நீங்கள் மாற்றிய எதுவும் இருக்காது. அவர் ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் அந்தத் தாளை எடுத்து வந்து, பாஸ்வேர்டு, யுபிஎன்பி, ஐபிவி6 ஃபயர்வால் மூன்றையும் பக்கத்தில் நின்று மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.